பேப்பர்ல ஆரம்பிச்சு கம்ப்யூட்டர் வரைக்கும்: ஆர்பிஜி கேம் டிசைனர் ஆகுறது எப்படி, யாங்கூன்ல இருந்து ஒரு முழு வழிகாட்டி

"அண்ணே, கேம் டிசைனர் ஆகணும்னா மொதல்ல எந்த சாப்ட்வேர் கத்துக்கணும்?" இந்தக் கேள்வி எனக்கு அடிக்கடி வரும். கேக்குறது பெரும்பாலும் நம்ம யாங்கூன், மோல்மீன், பகோ பக்கத்து தமிழ் பசங்க, பொண்ணுங்க. எல்லாருக்கும் ஒரே பதில் தான் சொல்றேன். வீட்டுல அப்பத்தாவோட தாயக்கட்டை இருந்தா அத எடுத்து வைங்க, கூட ஒரு நோட்டு, பென்சில், நம்பிக்கையான நாலு பேரு. கம்ப்யூட்டர் அப்புறம் தான். இத ஏன் சொல்றேன்னு இந்த கட்டுரை பூரா விளக்கப் போறேன், கொஞ்சம் நீளமா இருக்கும், டீ போட்டுக்கிட்டு உக்காருங்க.

மொதல்ல இந்த வேலை என்னன்னு தெளிவா தெரிஞ்சுக்கங்க

ரோல் பிளேயிங் கேம்னா, சுருக்கமா ஆர்பிஜி, ஒவ்வொருத்தரும் ஒரு பாத்திரமா மாறி, அந்த ஆளு என்ன செய்வான்னு முடிவு எடுத்து ஆடுற ஆட்டம். மேஜை மேல ஆடுனா ஒருத்தர் நடத்துனரா இருப்பாரு, அவர ஜிஎம்னு சொல்லுவோம். அவர் உலகத்த விவரிப்பாரு, மத்தவங்க என்ன பண்றோம்னு சொல்லுவாங்க, சந்தேகமான இடத்துல பகடை உருட்டுவாங்க. கம்ப்யூட்டர்ல ஆடுனா ஜிஎம் வேலைய ப்ரோக்ராம் பாக்குது, அவ்ளோதான் வித்தியாசம், ஆனா அந்த ஒரு வித்தியாசம் எவ்ளோ பெருசுன்னு பின்னாடி வரும்.

கதை எழுதுறவங்க வேற, டிசைனர் வேற. இத பல பேரு குழப்பிக்கிறாங்க. கதை எழுதுறவரு நாயகன் எந்தப் பக்கம் போவான்னு அவரே முடிவு பண்ணிடுவாரு. டிசைனரு அத முடிவு பண்றதில்ல, ரோடு பிரியுற இடத்த வைக்கிறாரு, இந்தப் பக்கம் போனா என்ன போகும், அந்தப் பக்கம் போனா என்ன கெடைக்கும்னு விலை போடுறாரு, போறது ஆடுறவங்க இஷ்டம். விலை சரியில்லனா எல்லாரும் ஒரே பக்கம் தான் போவாங்க, அப்ப அது பிரியுற ரோடே இல்ல. நம்ம பரமபதத்த பாருங்க, ஏணியும் பாம்பும் அழகா இருக்கும், ஆனா ஆடுறவங்க எடுக்குற முடிவு ஒண்ணு கூட கிடையாது. ஆடுபுலி ஆட்டத்துல மூணு புலி, பதினஞ்சு ஆடு, ரெண்டு பக்கமும் வேற வேற பலம், ஒவ்வொரு நகர்த்தலும் முடிவு. பர்மாக்காரங்க சித்துயின்ங்கற அவங்க ஊரு சதுரங்கம் ஆடுறத பாத்திருப்பீங்க, அதுல ராஜா, யானை, குதிரை எல்லாத்தையும் ஆட்டம் தொடங்குறப்ப எங்க நிறுத்தணும்னு ஆடுறவங்களே முடிவு பண்ணுவாங்க, காய அடுக்குறதே ஒரு ஆட்டமா ஆயிடுது. இந்த மூணையும் பக்கத்துல பக்கத்துல வச்சு ஒரு சாயங்காலம் யோசிச்சீங்கன்னா டிசைன் பத்தி பாதி விஷயம் புரிஞ்சிரும்.

பெரிய ஸ்டுடியோவுல இந்த வேலைய பிரிச்சு வச்சிருப்பாங்க. பகடைக்கணக்கு, சண்டை, பாத்திரம் வளர்றது இதெல்லாம் பாக்குறவரு சிஸ்டம் டிசைனர். ஊருக்குள்ள யாரு என்ன உதவி கேப்பாங்க, செஞ்சா என்ன ஆகும்னு பாக்குறவரு குவெஸ்ட் டிசைனர். இடத்த வடிவமைக்கிறவரு லெவல் டிசைனர். மேஜை ஆட்டத்துல இது எல்லாமே ஒரே ஆளு தான், அதனால தான் பேப்பர்ல ஆரம்பிக்க சொல்றேன், ஒரே வருஷத்துல எல்லா வேலையும் கையில பட்டுடும்.

இது என் சொந்தக் கருத்து மட்டும் இல்ல, இந்தத் தொழிலோட வரலாறே அப்படித்தான் போயிருக்கு. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் உருவாக்குன டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்ங்கற மேஜை ஆட்டம் 1974ல வந்தப்ப மொத பதிப்பு வெறும் 1000 பெட்டி. ஸாண்டி பீட்டர்சன் 1981ல கால் ஆஃப் கதுலுன்னு ஒரு மேஜை ஆட்டம் செஞ்சாரு, பன்னெண்டு வருஷம் கழிச்சு டூம் கேம்ல லெவல் டிசைன் பண்ணிக்கிட்டு இருந்தாரு. கென் ரோல்ஸ்டன் பல வருஷம் மேஜை ஆட்டத்துக்கு எழுதிட்டு அப்புறம் 2002ல வந்த மோரோவிண்ட்ங்கற கம்ப்யூட்டர் கேமுக்கு லீட் டிசைனர். வாரன் ஸ்பெக்டர் மேஜை ஆட்ட கம்பெனிகள்ல வேலை பாத்துட்டு தான் கம்ப்யூட்டர் பக்கம் வந்தாரு, 2000ல டியூஸ் எக்ஸ்ங்கற கேம கொடுத்தாரு. மைக் பாண்ட்ஸ்மித் 1988ல பேப்பர்ல செஞ்ச சைபர்பங்க் உலகம் தான் 2020ல கம்ப்யூட்டர் கேமா வந்துச்சு. பேப்பர்ல கத்துக்கிட்டது கம்ப்யூட்டருக்கு அப்படியே கூட வருது.

படி 1: நடத்துங்க, குறைஞ்சது பத்து தடவ

டிசைன் பண்றதுக்கு முன்னாடி ஜிஎம்மா உக்காருங்க. காசு தேவையில்ல. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் அஞ்சாம் பதிப்போட அடிப்படை விதிகள 2023 ஜனவரில கிரியேட்டிவ் காமன்ஸ் லைசென்ஸ்ல விட்டுட்டாங்க, எஸ்ஆர்டி 5.1னு பேரு, பிடிஎஃப் இலவசம், யாருக்கு சொந்தம்னு பேரு போட்டுட்டா அத வச்சு நீங்க எழுதி விக்கவும் செய்யலாம். ஆனா அது பெரிய விதி, 400 பக்கம் பக்கத்துல, அதனால மொதல்ல ஒரு பக்க, ரெண்டு பக்க ஆட்டங்கள் ஆயிரக்கணக்குல நெட்ல கெடக்கு, அதுல ஒண்ண எடுத்து ஆரம்பிங்க. நெட் இருக்கும்போதே எறக்கி பிரிண்ட் போட்டு வச்சிக்கங்க.

நான் பழகுனது மீ ப்யெட், அதாவது கரண்டு கட் நேரத்துல தான். கரண்டு போனா போன் சார்ஜ மிச்சம் புடிக்கணும், டிவி இல்ல, கம்ப்யூட்டர் இல்ல, சார்ஜ் லைட் ஒண்ணு நடுவுல வச்சு அண்ணன் புள்ளைங்க, மேல் மாடி பர்மாக்கார தம்பி ஒருத்தன், அவன் தங்கச்சி, ஆறு மணிக்கு உக்காந்தா ஒம்பது மணி வரை ஓடும். தமிழும் பர்மீஸும் கலந்து கலந்து நடத்துவேன். இதுல நான் கத்துக்கிட்டது எந்த பாடப்புத்தகத்துலயும் இல்ல. யாரு எப்ப போன கையில எடுக்குறாங்கன்னு பாருங்க, அந்த எடத்துல உங்க ஆட்டம் செத்துருச்சு. யாரு ரெண்டு பேரு ஒரே நேரத்துல பேசுறாங்கன்னு பாருங்க, அங்க ஆட்டம் உயிரோட இருக்கு. ஒவ்வொரு ராத்திரியும் முடிஞ்சதும் இந்த ரெண்டையும் நோட்டுல நேரத்தோட எழுதி வைங்க, வேற எதையும் எழுதலனாலும் பரவால்ல.

படி 2: பகடைக்கணக்கு, தாயக்கட்டைய வச்சு

இங்க தான் நெறைய பேரு பயந்து ஓடுறாங்க, எட்டாங்கிளாஸ் கணக்கு போதும்ங்க, நெசமா.

ஒரு தாயக்கட்டைக்கு நாலு பக்கம்: 0, 1, 2, 3. ரெண்டு கட்டைய உருட்டுனா மொத்தம் 16 விதமா விழலாம். கூட்டுத்தொகை 1, அதாவது தாயம், ரெண்டு விதத்துல வரும். 2 மூணு விதம், 3 நாலு விதம், 4 மூணு விதம், 5 ரெண்டு விதம், 6 ஒரே ஒரு விதம், ரெண்டுமே 0 விழுந்தா அத நாம 12னு எடுத்துக்குவோம், அதுவும் ஒரே ஒரு விதம். நடுவுல குண்டா, ரெண்டு ஓரத்துலயும் ஒல்லியா இருக்கு பாருங்க, இது தான் பகடை ரெண்டு சேந்தா கெடைக்கிற வடிவம். இருபது பக்க பகடை ஒண்ண மட்டும் உருட்டுனா இப்படி இருக்காது, ஒவ்வொரு எண்ணும் சரியா 5 சதவீதம், தட்டையா இருக்கும், அதிர்ஷ்டம் பயங்கரமா ஆடும். ஆறு பக்க பகடை ரெண்டு உருட்டுனா 36 விதம், 7 தான் அதிகமா விழும். 2010ல வின்சென்ட் பேக்கரும் மெகுவே பேக்கரும் செஞ்ச அபோகலிப்ஸ் வேர்ல்டுல இத அழகா உபயோகிச்சிருப்பாங்க: 10ஓ அதுக்கு மேலயோ வந்தா முழு வெற்றி, 7ல இருந்து 9 வரை வெற்றி ஆனா ஒரு விலை உண்டு, 6க்குள்ள வந்தா ஜிஎம் கையில. ஒண்ணும் கூட்டாம உருட்டுனா அந்த நடு அடுக்கு 36ல 15, கிட்டத்தட்ட 42 சதவீதம். அதாவது அடிக்கடி "கெடைக்கும், ஆனா..."னு தான் கதை போகும். அந்த ஆட்டத்தோட குணமே அந்த 15ல இருக்கு.

இப்ப நான் செஞ்ச ஆட்டத்த வச்சு காட்டுறேன், ஏன்னா கணக்கு தனியா நின்னா யாருக்கும் ஒட்டாது.

1941 டிசம்பர் 23ல ஜப்பான் விமானங்க ரங்கூன்ல குண்டு போட்டுச்சு, 1942 மார்ச்ல ஊரு விழுந்துச்சு. அந்த மாசங்கள்ல லட்சக்கணக்கான இந்தியர்கள் பர்மாவ விட்டு கெளம்புனாங்க, கப்பல் எடம் கெடைக்காதவங்க டாங்கப் கணவாய் வழியா அக்யாபுக்கும், காலேவா தாண்டி தமு வழியா மணிப்பூருக்கும், வடக்க ஹுகாங் பள்ளத்தாக்கு வழியாவும் நடந்தாங்க, காலராலயும் மலேரியாலயும் பசியாலயும் வழியிலயே போனவங்க பல ஆயிரம் பேரு. எங்க அப்பத்தாவுக்கு அப்ப பத்து வயசு, அவங்க குடும்பத்துல பாதி நடந்து போச்சு, பாதி இங்கயே தங்கிருச்சு. அவங்க எனக்கு சொன்னதெல்லாம் சண்டைய பத்தி இல்ல. யாரு எத தூக்கிட்டு போனாங்க, எத எங்க போட்டுட்டு போனாங்கங்கறது தான். அம்மி ஒண்ண ரெண்டு நாளு தூக்கி நடந்தவங்க, சாமி படத்த கடைசி வரை விடாதவங்க. அந்த பேச்சுல இருந்து தான் ஆட்டம் வந்துச்சு.

விதி ரொம்ப சின்னது. ஒவ்வொருத்தரும் ஆறு சுமை வரைக்கும் எடுத்துக்கலாம்: அரிசி, பாத்திரம், நகை, மருந்து, படம், இடுப்புல ஒரு குழந்தை, இப்படி. தினம் ஒரு தடவ ரெண்டு தாயக்கட்டைய உருட்டணும், விழுற எண்ணு உங்க சுமை எண்ணிக்கைக்கு சமமாவோ அதுக்கு மேலயோ இருந்தா பத்திரமா அன்னிக்கு நடந்துட்டீங்க. கீழ போனா ஏதோ ஒண்ண இழக்கணும். இப்ப கணக்க பாருங்க. ஆறு சுமையோட தாண்டுறது 16ல 2. அஞ்சுனா 16ல 4. நாலுனா 7. மூணுனா 11. ரெண்டுனா 14. ஒண்ணுனா 16க்கு 16, கண்டிப்பா தாண்டிருவீங்க. எந்தப் படியில பெரிய தாவல் இருக்குன்னு பாத்தீங்களா? நாலுல இருந்து மூணுக்கு எறங்கும்போது 44 சதவீதத்துல இருந்து 69க்கு ஏறுது. அப்ப ஆட்டத்துல மனசு வலிக்கிற எடம் நாலாவது பொருள கீழ வைக்கிற எடம். நான் அத வேணும்னு அங்க வைக்கல, கட்டைகளோட வடிவமே அங்க கொண்டு போய் வச்சிருக்கு, கணக்கு போட்டு பாத்ததுனால தான் எனக்கு அது தெரிஞ்சுது, அப்புறம் ஆட்டத்தோட மத்த எல்லாத்தையும் அந்த நாலாவது பொருளச் சுத்தி கட்டுனேன்.

எந்த விதி எழுதுனாலும் இந்த மாதிரி ஒரு பட்டியல் கையால போட்டுப் பாருங்க. எண்ணுல எங்க பள்ளம், எங்க மேடுன்னு தெரியாம எழுதுற விதி குருட்டு விதி.

படி 3: அடுத்தவங்க ஆட்டத்துல ஒரே ஒரு விதிய மாத்துங்க

புதுசா ஒண்ண அடியில இருந்து கட்டாதீங்க. நல்லா தெரிஞ்ச ஆட்டத்துல ஒரு விதிய மட்டும் மாத்தி மூணு தடவ ஆடுங்க. உயிர்ப்புள்ளிய, அதாவது பாத்திரம் எவ்ளோ அடி தாங்கும்ங்கற எண்ண, பாதியா கொறைங்க, இல்ல ஜிஎம் பகடை உருட்டவே கூடாதுன்னு வைங்க. என்ன உடையுதுன்னு பாருங்க. பத்து மாத்தம் இப்படி செஞ்சா போதும், அப்புறம் ஒரே பக்கத்துல சொந்தமா ஒரு ஆட்டம் எழுதுங்க. ஒரு பக்கத்த தாண்டாதீங்க. ஒரு பக்கத்துல முடிக்க தெரியாதவங்களால 200 பக்கத்தயும் முடிக்க முடியாது.

படி 4: ஆடிப்பாத்து திருத்துறது, தொழிலே இது தான்

இத தான் ரொம்ப நீளமா சொல்லப் போறேன், மத்ததெல்லாம் இதுக்கு முன்னாடி சின்ன விஷயம்.

மொத மூணு நாலு தடவ நீங்களே நடத்துங்க. அதுக்கப்புறம் பேப்பர மேஜைல வச்சுட்டு நீங்க வாய மூடிக்கிட்டு ஓரமா உக்காரணும். அவங்க விதிய தப்பா படிப்பாங்க, உங்களுக்கு நாக்கு துடிக்கும், சொல்லக் கூடாது, நோட்டுல எழுதுங்க. ஏன்னா நாளைக்கு மோல்மீன்லயோ சென்னைலயோ ஒருத்தர் இந்த பேப்பர எடுத்து படிக்கும்போது பக்கத்துல நீங்க இருக்க மாட்டீங்க. ஆடி முடிச்சதும் "நல்லா இருந்துச்சா"ன்னு கேக்காதீங்க, நம்ம ஊர்ல யாரும் மூஞ்சிக்கு நேரா நல்லா இல்லன்னு சொல்ல மாட்டாங்க, டீ வாங்கி குடுத்தவன வையவா செய்வாங்க. அதுக்கு பதிலா "எந்த எடத்துல என்ன பண்றதுன்னு தெரியாம முழிச்சீங்க, எந்த முடிவு எடுக்க ரொம்ப நேரம் ஆச்சு, எந்த விதிய மறந்துட்டீங்க"ன்னு கேளுங்க. மறந்து போன விதி தேவையில்லாத விதி, பத்துல ஒம்பது தடவ அத அடிச்சுடலாம்.

என் நடைப்பயண ஆட்டம் மொத தடவ ஆடுனப்ப படுத்துருச்சு. பசங்க கெட்டிக்காரங்க, ரெண்டாவது நாளே எல்லாத்தையும் தூக்கிப் போட்டுட்டு ஒரு சுமையோட நடந்தாங்க, 16க்கு 16, பயமே இல்ல, சிரிச்சுக்கிட்டே இம்பால் போய் சேந்துட்டாங்க. எனக்கு அழுகையே வந்துருச்சு, அப்பத்தா சொன்ன கதை இது இல்லையேன்னு. விதி எண்ணுப்படி சரி, ஆனா சொல்றது பொய். ஒரு மாசம் யோசிச்சேன். பொருள போட்டா அபராதம்னு வச்சேன், அது கட்டாயப்படுத்துற மாதிரி இருந்துச்சு. பசிப்புள்ளின்னு ஒண்ணு சேத்தேன், கணக்கு எழுதுறதுலயே ராத்திரி போயிருச்சு. கடைசில அப்பத்தாகிட்டயே திரும்ப கேட்டேன், "கை சும்மா இருந்தவங்களுக்கு என்ன ஆச்சு?"ன்னு. "கை சும்மா இருந்தா அடுத்தவ புள்ளைய குடுப்பா, வாங்காம எப்படி நடப்ப"ன்னு சொன்னாங்க.

அத அப்படியே விதியா எழுதுனேன்: தினம் ராத்திரி தங்குற எடத்துல வழியில போறவங்க ஒருத்தர் உதவி கேட்டு வருவாங்க, யாருகிட்ட சுமை கொறைவா இருக்கோ அவங்ககிட்ட தான் கேப்பாங்க. முடியாதுன்னு சொல்லலாம், எந்த அபராதமும் இல்ல, ஆனா கேக்குறவங்க பேரயும் அவங்க என்ன கேட்டாங்கங்கறதயும் உங்க பேப்பர்ல உங்க கையாலயே எழுதி வச்சுக்கணும். அவ்ளோ தான் விதி. அடுத்த தடவ ஆடுனப்ப மேஜைல யாரும் சிரிக்கல.

இந்த மாதிரி விஷயத்த ஆட்டமா வைக்கும்போது ஒரு பொறுப்பு இருக்கு. ஒரு தடவ ஆட வந்த அக்கா ஒருத்தங்க குடும்பத்துல அந்த நடையில போனவங்க திரும்பவே இல்ல, எனக்கு அது முன்னாடி தெரியாது. அதுல இருந்து மேஜை நடுவுல எக்ஸ் போட்ட அட்டை ஒண்ணு கண்டிப்பா வைக்கிறேன், யாராச்சும் அத தொட்டா அந்த காட்சிய காரணம் கேக்காம தாண்டிப் போயிடணும். ஜான் ஸ்டாவ்ரோபூலோஸ்னு ஒரு டிசைனர் கொண்டு வந்த பழக்கம் இது, எக்ஸ் கார்டுன்னு பேரு, இன்னிக்கு பல மேஜைல இருக்கு. ஆட்டத்துக்கு முன்னாடியே இது எதப் பத்துன ஆட்டம்னும் சொல்லிருங்க.

படி 5: விதிய எழுதுற தமிழ்

விதிப்புத்தகம் எழுதுறது சமையல் குறிப்பு எழுதுற மாதிரி, அலங்காரம் வேணாம். ஒரு பொருளுக்கு ஒரே சொல்லு, கடைசி வரைக்கும். ஒரு எடத்துல "சுமை"ன்னும் இன்னொரு எடத்துல "பொருள்"னும் எழுதுனா ரெண்டும் வேறன்னு நெனச்சுக்குவாங்க. ஒவ்வொரு விதிக்கும் ஒரு உதாரணம் பேரு போட்டு எழுதுங்க. தமிழ், பர்மீஸ், இங்கிலீஷ் மூணுலயும் எழுதிப் பாருங்க, ஒரு மொழில சொல்ல முடியாத விதி பெரும்பாலும் உங்களுக்கே சரியா புரியாத விதி.

படி 6: வெளியிடுறது, காசு

ஏ4 தாள் நாலு எடுத்து ரெண்டு பக்கமும் அடிச்சு நடுவுல மடிச்சா 16 பக்க புத்தகம், ஸ்டேப்ளர் அடிச்சா முடிஞ்சுது. பன்சொடான் பக்கத்து போட்டோகாப்பி கடையில போட்டுட்டு தெரிஞ்சவங்களுக்கு குடுங்க, கேபேங்கற போன் ஆப்ல காசு வாங்கிக்கங்க. மொத விற்பனை எவ்ளோ சின்னதா இருந்தாலும் தெரியாத ஒருத்தர் காசு குடுத்து வாங்குற அந்த நிமிஷம் முக்கியம்.

நெட்ல விக்க இட்ச்.ஐஓவும் டிரைவ்த்ரூ ஆர்பிஜியும் இருக்கு. பிடிஎஃப் ஏத்துறது சுலபம், பணத்த நம்ம ஊருக்கு கொண்டு வர்றது தான் மலை. அமெரிக்க கம்பெனிகள் வெளிநாட்டு ஆளுங்ககிட்ட டபிள்யூ-8பென் மாதிரி வரி ஃபாரம் கேப்பாங்க, அதுல இருக்குற பேரும் அக்கவுண்ட் பேரும் ஒண்ணா இருக்கணும். எந்த வழியில பணம் வாங்க முடியும்னு விக்கிறதுக்கு முன்னாடியே முடிவு பண்ணுங்க, காசு சேந்ததுக்கப்புறம் தேடாதீங்க. சிங்கப்பூர்லயோ மலேசியாவுலயோ கூடப்பொறந்தவங்க இருந்து அவங்க பேர்ல போடுறதா இருந்தா எழுத்துல ஒரு தாள்ல எழுதி வச்சுக்கங்க, குடும்பத்துக்குள்ள காசால வர்ற மனஸ்தாபம் ரொம்ப நாளு நிக்கும்.

வெளிநாட்டு பதிப்பகங்களுக்கு ஃப்ரீலான்சா எழுதுனா பொதுவா சொல்லுக்கு இவ்ளோ சென்ட்னு தான் பேசுவாங்க. மூணு விஷயம் கையெழுத்துக்கு முன்னாடி பாருங்க: உரிமை யாருக்கு, அட்டையிலயோ உள்ளயோ பேரு வருமா, பணம் எப்ப. மூணாவது தான் என்ன கடிச்சுது. ஒரு பதிப்பகத்துக்கு 12,000 சொல் எழுதிக் குடுத்தேன், ஒப்பந்தத்துல "புத்தகம் வெளிவந்ததும் பணம்"னு இருந்துச்சு, புத்தகம் வெளிவரவே இல்ல, பணமும் வரல. மூணு மாச ராத்திரி வேலை. இப்பல்லாம் "எழுத்த ஏத்துக்கிட்ட 30 நாளுக்குள்ள பணம்"னு இருந்தா தான் கையெழுத்து, புத்தகம் நின்னு போனா பாதியாச்சும் குடுக்கணும்னு ஒரு வரி சேக்கச் சொல்றேன், நல்ல பதிப்பகங்க மறுக்குறதில்ல.

வேற வேலைய விட்டுட்டு இதுல குதிக்காதீங்க. நான் இன்னும் காலைல ஒரு கணக்கு வேலை பாக்குறேன்.

படி 7: கம்ப்யூட்டருக்கு மாறுறது

இப்ப அந்தப் பெரிய வித்தியாசத்துக்கு வர்றேன். மேஜைல ஆடுறவங்க எதிர்பாக்காத ஒண்ண செஞ்சா ஜிஎம் அந்த நிமிஷமே பதில் சொல்லுவாரு. கம்ப்யூட்டர்ல நீங்க முன்னாடியே எழுதி வைக்காத எதுவும் நடக்காது.

என் ஆட்டத்தையே எடுத்துக்கங்க. ஆறு பொருள், ஒவ்வொண்ணும் கையில இருக்கு இல்ல போயிருச்சு, மொத்தம் 64 நிலை. பத்து பொருள்னா 1024. ஒவ்வொரு நிலைக்கும் ஒரு காட்சி எழுதுனா ஆயுசு பத்தாது. அதனால காட்சிய பொதுவா எழுதிட்டு, பொருளுக்கு ஒரு துண்டு வசனம்னு தனியா எழுதி, பாத்திரம் கையில இருந்தா இந்த வரி, மருந்து இல்லனா அந்த வரின்னு கோக்கணும். பத்து பொருளுக்கு இருபது துண்டு, 1024 இல்ல. நிலைய எண்ணி பாக்குறது, துண்டா பிரிக்கிறது, இந்த ரெண்டு பழக்கமும் தான் கம்ப்யூட்டர் ஆர்பிஜி எழுதுறதுல முக்காவாசி.

மேஜை அனுபவம் இதுல எப்படி உதவும்னு கேட்டா ரெண்டு கேம பாருங்க. 1997ல வந்த ஃபாலவுட் மொதல்ல கர்ப்ஸ்ங்கற மேஜை ஆட்ட விதிகள வச்சு கட்டுனது, லைசென்ஸ் பாதில கை விட்டுப் போச்சு, அந்தக் குழு அவசர அவசரமா ஸ்பெஷல்னு சொந்தமா ஒரு விதிமுறைய எழுதி சேத்துச்சு, இன்னிக்கு அந்தத் தொடரோட அடையாளமே அது தான். விதி எழுத தெரிஞ்சவங்க குழுவுல இருந்ததால தப்பிச்சுது. 2019ல வந்த டிஸ்கோ எலீசியம் எஸ்டோனியால நண்பர்கள் மேஜைல ஆடுன உலகத்துல இருந்து வந்தது, அதுல ரெண்டு ஆறு பக்க பகடை கண்ணு முன்னாடியே உருளும், சதவீதத்தையும் காட்டும், படி 2ல பாத்த அதே கணக்கு.

கருவி விஷயம். ப்ரோக்ராம் தெரியாதவங்க ட்வைன்ங்கற கெளைக்கதை எழுதுற கருவில ஆரம்பிங்க, நெட் இல்லாம ஓடும், முடிச்சா ஒரே ஒரு ஹெச்டிஎம்எல் ஃபைலு, புளூடூத்லயே அனுப்பிடலாம். கெளை கெளையா வசனம் நெறைய இருந்தா இங்க்னு ஒண்ணு இருக்கு, அதுவும் இலவசம், ஸ்டுடியோக்களும் உபயோகிக்கிறாங்க. முழு கேமுக்கு கோடோங்கற கேம் எஞ்சின், அதாவது கேம கட்டுற சாப்ட்வேர். இத நான் நம்ம ஆளுங்களுக்கு அழுத்தி சொல்றதுக்கு காரணம் இருக்கு: 2023ல வந்த கோடோ 4ல இருந்து தமிழ் எழுத்தும் பர்மீஸ் எழுத்தும் சரியா கோத்து வருது. அதுக்கு முந்துன பதிப்புலயும், வேற சில எஞ்சின்கள்லயும் "கொ"ன்னு போட்டா கொம்பு எடம் மாறி நிக்கும், ரெண்டு நாளு அதுலயே போயிரும். எந்த எஞ்சின் எடுத்தாலும் மொத நாளே "கொக்கு, தௌவை, ஸ்ரீ"ன்னு மூணு சொல்ல திரையில போட்டு பாருங்க. பர்மீஸ் சேக்குறதா இருந்தா யூனிகோடு மட்டும் தான், யூனிகோடோட ஒத்துப்போகாத ஸாவ்ஜிங்கற பழைய பர்மீஸ் எழுத்துருவுல இருக்குற ஃபைல கலந்துராதீங்க, ரெண்டும் கலந்தா எது எதுன்னு பிரிக்கிறதுக்குள்ள உயிர் போயிரும்.

கரண்டு போற ஊரு, அதனால அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவ சேவ், கிட்ங்கற, ஃபைலோட பழைய பதிப்பெல்லாம் சேத்து வைக்கிற கருவிய கத்துக்கங்க, அது நெட் இல்லாமயும் ஓடும், வாரத்துக்கு ஒரு தடவ பென்டிரைவ்ல ஒரு காப்பி.

படி 8: வேலை தேடுறது

மூணு விஷயம் காட்டுங்க, மூணு போதும். ஒரு பக்க மேஜை ஆட்டம் ஒண்ணு. பத்து பக்கத்துல ஒரு சாகசம், அதாவது அடுத்தவங்க எடுத்து நடத்துற மாதிரி எழுதுனது. கால் மணி நேரத்துல ஆடி முடிக்கிற கம்ப்யூட்டர் கேம் ஒண்ணு. ஒவ்வொண்ணு கூடவும் ஒரு தாள் இணைங்க: மொத தடவ எப்படி இருந்துச்சு, ஆடிப்பாத்ததுல என்ன உடைஞ்சுது, என்ன மாத்துனீங்க, ஏன். ஆளெடுக்கறவங்க கேம விட இந்தத் தாள தான் நேரம் எடுத்து படிப்பாங்கன்னு என் அனுபவத்துல சொல்றேன். டிகிரி கேட்டா குடுங்க, இல்லனா அத நெனச்சு ஒதுங்காதீங்க.

நேரா டிசைனரா எடுக்கலனா டெஸ்டிங், இல்ல மொழிபெயர்ப்ப சரிபாக்குற வேலை, அந்தக் கதவு வழியா உள்ள போங்க. தமிழ், பர்மீஸ், இங்கிலீஷ் மூணும் படிக்கத் தெரிஞ்ச ஆளு வெளில ரொம்ப கொறைவு, நமக்கு வீட்டுலயே கெடைச்சிருக்கு.

கடைசியா டிசைன் டெஸ்ட். ஒரு வாரம் டைம் குடுத்து வீட்டுல இருந்து எழுதி அனுப்பச் சொல்லுவாங்க. எனக்கு வந்தது ஒரு கிராமத்துல கிணறு கெட்டுப் போச்சு, அதுக்கு ரெண்டு பக்கத்துல ஒரு குவெஸ்ட் எழுதுங்கறது. மொத வரைவுல யாரு வெஷம் கலந்தான்னு துப்பறியுற கதை எழுதுனேன், திரும்ப படிச்சா கதை இருக்கு, முடிவு எடுக்குற எடம் ஒண்ணு கூட இல்ல. கிழிச்சுட்டு, துப்ப மொத நிமிஷமே சொல்லிட்டேன்: மேல இருக்குற தோல் பட்டறை தான் காரணம், பட்டறைய மூடுனா நாப்பது குடும்பத்துக்கு வேலை போகும், மூடலனா தண்ணி இல்ல, ஆடுறவங்க கையில இருக்குற காசுக்கு பட்டறைய நகத்தலாம், ஆனா அந்தக் காசு அவங்க ஊருக்கு திரும்பிப் போக வச்சிருந்தது. மூணு வழி, மூணுக்கும் விலை, ஒவ்வொண்ணுக்கும் பத்து நாளு கழிச்சு கிராமம் எப்படி இருக்கும்னு ரெண்டு ரெண்டு வரி. எத்தன நிலைய நிரல்ல வச்சுக்கணும்னு கீழ ஒரு சின்ன பட்டியல். ரெண்டு பக்கத்துல அடங்குச்சு. அடுத்த வாரம் கூப்புட்டு பேசுனப்ப அவங்க கேட்ட மொத கேள்வி அந்தப் பட்டியலப் பத்தி தான்.